முதல் முறுக்கின் பாதி

என் அச்சு முறுக்கு எண்ணெய் குடிக்காது. தீபாவளிக்கு வருகிறவர்கள் அதை ஒரு மெல்லிய தாளில் வைத்துப் பார்க்கலாம். ஒரு பொட்டுக் கறைகூட விழாது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொல்வதாக இருந்தால் இன்னும் நீளமாகச் சொல்லியிருப்பேன்.

அரிசி மாவை இரண்டு முறை சலிக்க வேண்டும். தேங்காயைத் துருவி முதல் பால் மட்டும் எடுக்க வேண்டும். பொட்டலத்துப் பால் ஆகாது. முட்டையும் சீனியும் கரையும் வரை கலக்கலாம், நுரைக்கும் வரை அடிக்கக் கூடாது. கலந்த மாவில் கரண்டியை முக்கி எடுத்து, அதன் முதுகில் விரலால் ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அச்சை எண்ணெயிலேயே சூடாக்கி, மாவில் முக்கால் பங்கு மட்டும் நனைக்க வேண்டும். ஆசைப்பட்டு முழுக்க முக்கினால் மாவு அச்சின் தலைக்கு மேல் ஏறிக்கொண்டு கழன்று வராது. நான் இடைநிலைப் பள்ளிகளில் மனையியல் கற்பித்து, துணைத் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள். எதற்கும் ஒரு செயல்முறை உண்டு, அதைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டால் யாருக்கும் தப்பாது என்பதுதான் என் உத்தியோகமே.

இதே பலகாரத்தை மலாய்க்காரர்கள் குவே ரோஸ் என்பார்கள். சீனர்கள் தேன்கூடு என்பார்கள். என் அம்மா யாழ்ப்பாணத்து வழக்கப்படி கொக்கிஸ் என்பார். எல்லோரும் அது தங்களுடையதுதான் என்று சத்தியம் செய்வார்கள். பள்ளித் தீபாவளி விருந்தில் வினாடி வினா நடத்துவது என் பொறுப்பு. இந்தப் பலகாரம் யாருடையது என்று கேட்பேன். பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். சரியான விடை, ஒருவருக்கும் தெரியாது என்பது. ஒரு பலகாரம் யாருடையது என்ற கேள்வி எனக்கு அப்போது விளையாட்டாக இருந்தது.

என் கணவருக்கு ஒரே ஒரு தங்கை. பத்தாங் பெர்ஜுந்தாயில், செம்பனை மரங்கள் முடிகிற இடத்தில் இருக்கும் வரிசை வீடுகளில் ஒன்றில் இருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். அவளும் தீபாவளிக்கு முறுக்குச் சுடுவாள். அதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரே சட்டியில் வெந்த முறுக்கு ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச நியாயம். அவளுடையதில் வெளுத்ததும் இருக்கும், தேநீர் நிறமும் இருக்கும், ஓரம் கருகியதும் இருக்கும். ஓமத்தை முழுதாகப் போட்டுவிடுவாள். அது குழலின் ஓட்டையை அடைத்துக்கொள்ள, முறுக்கு பாதியில் மெலிந்து, பிறகு திடீரென்று தடித்து வரும். சுற்றின் முனையை ஒட்ட மாட்டாள். எவ்வளவு வெண்ணெய் என்று கேட்டால் உள்ளங்கையைக் காட்டி, "இவ்ளோ போடுவேன் அண்ணி" என்பாள். அந்த உள்ளங்கை ஒவ்வொரு வருடமும் வேறு வேறு மாதிரி குழிந்திருக்கும்.

என் கணவர் அந்த முறுக்கைத்தான் விரும்பித் தின்றார்.

அவர் வாயால் இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் முப்பது மாணவிகள் ஒரே நேரத்தில் சமைக்கும் அறையில் யார் மாவை வீணாக்குகிறாள் என்று முதுகைத் திருப்பிக்கொண்டே கண்டுபிடிக்கிறவளுக்கு இதைக் கண்டுபிடிப்பது பெரிய காரியமில்லை. என்னுடையதைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் கை கழுவிவிட்டு வந்து, மேசையில் உட்கார்ந்து, ஒன்றை எடுத்துச் சாப்பிட்டு, "நல்லா இருக்கு" என்பார். கோப்பில் கையெழுத்துப் போடுகிறவர் குரல் அது. அவளுடைய சிவப்பு மூடிப் போத்தலைத் திறந்தால் தட்டே கிடையாது. நின்றபடியே, தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, கை போத்தலுக்கும் வாய்க்கும் போய்க்கொண்டே இருக்கும். சட்டையெல்லாம் தூள். நல்லா இருக்கு என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்ல நேரம் ஏது?

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு தங்கைக்குச் சேலை கொடுக்கப் போவார். அண்ணன் தங்கைக்குச் செய்கிற சீர். அந்த நாளில்தான் எனக்கும் அடுப்பு வேலை; நான் கூடப் போனதில்லை. திரும்பி வரும்போது அவர் சட்டையில் வேறொரு வீட்டின் எண்ணெய் வாசனை இருக்கும். "சாப்பாடு வேணாம், வயிறு ஃபுல்லா இருக்கு" என்பார். இந்த இரண்டையும் வைத்து வேறு மனைவிகள் வேறு முடிவுக்கு வந்திருப்பார்கள். என் நிலைமை அதைவிட மோசம். வேறொருத்தி என்றால் சண்டை போடலாம். கூடப் பிறந்தவளோடு என்ன சண்டை போடுவது?

முறுக்கு மட்டும் என்றால் பொறுத்திருப்பேன். கோலமும் இருக்கிறது. பச்சரிசியில் நிறம் ஏற்றும்போது சில துளி வினிகர் சேர்த்து நிழலில் உலர்த்தினால் சாயம் கையில் ஒட்டாது, ஒரு வாரம் மங்காது. அப்படி நான் போட்ட மயில் எங்கள் கோலாசிலாங்கூர் வீட்டு வாசலில் அளவெடுத்த மாதிரி இருக்கும். எல்லோரும் சுற்றி வந்து உள்ளே போவார்கள். அவள் போட்ட மயில் கோழி மாதிரி இருக்கும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு அந்த விளக்குக் கூடு. முந்தைய வருடம் பிள்ளைகளுக்குக் காசு வைத்துக் கொடுத்த ஊதா நிறக் கடித உறைகளை மடித்து, வெட்டி, ஒட்டி, கைக்கு அடக்கமாக ஒரு கூடு செய்வாள். அடிக்கோல் வைத்து மடிக்காததால் ஒரு பக்கம் சாய்ந்தே தொங்கும். அதில் ஒன்றைத்தான் என் கணவர் தன் காரின் முன்கண்ணாடியில் மாட்டியிருந்தார். நான் செய்து கொடுத்தது, எட்டு மூலையும் சரியாகப் பொருந்திய கூடு, வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்தது. "இது கார்ல மாட்டினா வீணாப் போயிடும்" என்று அவர்தான் உள்ளே வைத்துப் பூட்டினார்.

போன வருடத் தீபாவளிக்கு முன்பே அவர் போய்விட்டார். தூக்கத்திலேயே நெஞ்சு நின்றது. அவருக்கு அவசரம் என்பதே எப்போதும் கிடையாது, போகும்போதும் சத்தம் போடவில்லை.

என் தாத்தா கிராணியாகக் கணக்கெழுதிய ரப்பர்த் தோட்டத்தில்தான் அவருடைய தாத்தா பால் வெட்டினார். கிராணி வீட்டுப் பெண் தொழிலாளர் லயத்து வீட்டில் வாழ மாட்டாள் என்று இரண்டு பக்கமும் பேசினார்கள். அதனால் அந்த வீட்டின் முறைகளை அந்த வீட்டில் பிறந்தவர்களைவிட நன்றாகக் கற்றுக்கொண்டேன். எந்தக் காரியத்துக்கு எத்தனை வெற்றிலை, யார் முதலில் எண்ணெய் வைப்பது, இலையின் நுனி எந்தப் பக்கம் என்று இன்றும் அவர்கள் எனக்குத்தான் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். ஆகவே சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்பதும் எனக்கு நன்றாகவே தெரியும். பலகாரம் சொந்தக்காரர்கள் வீட்டிலிருந்து வரும். கட்டிக்கொடுத்த தங்கை வேறு வீட்டுக்காரி. அவளுக்குத் தீட்டு சில நாளோடு சரி. அவள் சட்டி வைக்கலாம்.

அதாவது, அவரோடு வாழ்ந்த என் அடுப்பு மூடியிருந்தது. அவள் அடுப்பு எரிந்தது.

போன வருடப் படையலில் அவர் இலையில் அவளுடைய முறுக்கு மட்டும் இருந்தது. மகன் அதை எடுத்து வைத்துவிட்டு, "அப்பா ஃபேவரிட்" என்றான். யாரும் மறுக்கவில்லை. நானும் தலையாட்டினேன். முறையை மீற எனக்கு வராது. ஆனால் அந்த இலையைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு வந்தது அழுகை அல்ல என்பதை இப்போது எழுதுவதில் தவறில்லை.

இந்த வருடம் துக்கம் கழிந்தது. சட்டியை வைக்கலாம். அவர் இலையில் என் அச்சு முறுக்கு இருக்கும், அது மட்டுமே இருக்கும் என்று முடிவு செய்தேன். இருக்கிறவரை நின்றுகொண்டு யாருடையதை வேண்டுமானாலும் தின்றார். இனிமேலாவது அவர் இலையில் என் கை இருக்கட்டும். அதற்கு ஒரு காரணம் வேண்டும். காரணம் இல்லாமல் ஒன்றை நிராகரிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. பரீட்சைத் தாளில்கூட மதிப்பெண் குறைத்தால் பக்கத்தில் எழுதிவிடுவேன்.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மகனிடம் கார் ஓட்டச் சொல்லி, சேலையை எடுத்துக்கொண்டு நானே பத்தாங் பெர்ஜுந்தாய்க்குப் போனேன். அண்ணன் இல்லாவிட்டாலும் சீர் நிற்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேன். சுற்று வழியாகச் சொன்னாலும் அது பொய் இல்லை. சேலையும் நல்ல சேலைதான்.

வீட்டுப் பின்பக்கம் கூரைச் சரிவின் கீழ் அடுப்பை வைத்து அப்போதுதான் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"ஐயோ அண்ணி, நீங்களா வந்தீங்க! சொல்லியிருந்தா வீட்டக் கூட்டியிருப்பேன்ல. டேய், அம்மாவ இந்த வெக்கையில ஏன்டா இழுத்துட்டு வந்த?"

"அவங்கதான் என்னை இழுத்துட்டு வந்தாங்க அத்தை" என்றான் மகன்.

"நீ வேலையைப் பாரும்மா. நான் சும்மா பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

"பாருங்க, பாருங்க. டீச்சர் பக்கத்துல நின்னா முறுக்கு பயந்துக்கிட்டு நேரா வரும்."

வரவில்லை. முதல் முறுக்கை எண்ணெயிலிருந்து எடுத்தாள். வழக்கம்போல முனை வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. நாளிதழில் போட்டு, ஊதி ஊதி இரண்டாக உடைத்தாள். ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். மறு பாதியைக் கொல்லைச் சுவரின் மேல் வைத்துவிட்டு வந்தாள். எனக்கு அந்த மறு பாதி கண்ணில் பட்டாலும் மனதில் படவில்லை. நான் அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மென்றாள். உப்புக் கம்மி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள். அதே கையால்.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. படையலுக்குப் போகிற பண்டத்தை முன்னால் ருசி பார்க்கக் கூடாது. இறந்தவர்கள் சாப்பிடுவதற்கு முன் அதில் வாய் வைத்தால் அது எச்சில். அந்தக் குடும்பத்தின் முறைதான் அது. நான் மருமகளாகப் போனபோது மாமியார் முதலில் சொல்லிக்கொடுத்ததும் அதைத்தான். நான் எடைபோட்டுச் சமைக்கிறவள் என்பதால் ருசி பார்க்க வேண்டிய அவசியமே எனக்கு வந்ததில்லை. திரும்பி வரும் வழியில் காரின் முன்கண்ணாடியில் ஊதாக் கூடு ஆடிக்கொண்டே வந்தது. அதைப் பார்த்துச் சிரித்தேன்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை அவள் வந்தாள். கையில் சிவப்பு மூடிப் போத்தல். அவர் படத்துக்கு முன்னால் இலை விரித்தாகிவிட்டது. ஆட்டுக்கறி, கோழி வறுவல், இட்லி, மருத்துவர் தடுத்து வைத்திருந்த ஸ்டவுட் பீர் ஒரு போத்தல். மருத்துவர் உத்தரவு அதற்கு மேல் செல்லாது. இலையின் நடுவில் என் அச்சு முறுக்கு, பூப்பூவாக, ஒன்றன்மேல் ஒன்று சாயாமல். மகன் சூடத்தை ஏற்றப் போனவன் நின்றான்.

"மா, அத்தை முறுக்க காணோமே லா."

"படையல் பலகாரத்தை முன்னாலேயே கடிச்சுப் பார்க்கக் கூடாது. உன் அத்தை அடுப்படியிலேயே கடிச்சுப் பார்த்தாங்க. நீயும்தானே இருந்தே."

"போன வருஷம் வெச்சோமே?"

"போன வருஷம் எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பிறகு செய்யக் கூடாது."

"அப்பா இதெல்லாமா பாக்கப் போறாரு?"

நான் பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணி சொல்றது சரிதான்டா. எச்சில்தான் அது. நான் எப்பவும் கடிச்சுப் பாப்பேன். வெக்காத, அப்படி ஓரமா வை."

போத்தலை அவளே மேசைக்கு அடியில் தள்ளினாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. மகன் சூடம் காட்டினான். இறந்தவர் வந்து சாப்பிடட்டும் என்று வழக்கம்போல அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்தோம்.

மகன் தொலைபேசியோடு வாசலுக்குப் போய்விட்டான். நானும் அவளும் கார் நிறுத்துகிற இடத்தில் நின்றோம். தெருவில் யாரோ மத்தாப்புக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயித்த பிறகு எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது, நானும் பார்த்தேன். அவள் காரின் கண்ணாடி வழியாக உள்ளே தொங்கும் கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோபமாம்மா?" என்றேன்.

"எதுக்கு அண்ணி?"

"இலையில வைக்கலைன்னு."

அவள் சிரித்தாள். "அண்ணனுக்குத்தான் நான் அன்னிக்கே குடுத்துட்டேனே."

"எப்போ?"

"நீங்க சேலை கொண்டாந்த அன்னிக்குத்தான். முதல் முறுக்க உடைச்சேன்ல? பாதி நான் தின்னேன். பாதிய செவுத்து மேல வெச்சேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

அவளே சொல்லிக்கொண்டு போனாள். "லயத்துல இருந்தப்பவே அப்படித்தான் அண்ணி. முதல் முறுக்க உடைச்சு ரெண்டு பேருக்கும் பாதி பாதி. அதுக்கு அடுப்பாண்டயே அடிச்சுக்குவோம். கல்யாணம் ஆனப்புறமும் பாருங்க, வருஷா வருஷம் அடுப்பாண்ட வந்து நின்னுக்குவாரு. பாதி கைக்கு வந்தாத்தான் சேலைப் பையையே குடுப்பாரு, அம்புட்டு கெட்டி. போன வருஷம் உடைச்சிட்டேன், ஆளு இல்ல. கையில பாதிய வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னே தெரியல. செவுத்து மேல வெச்சேன். மைனா ஒண்ணு வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு. எடுத்துக்கிட்டாருன்னு நெனச்சிக்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எச்சில்னு பாத்தா எங்கண்ணன் ஆயுசு பூரா எச்சில்தான் தின்னுருக்காரு" என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் லேசாகக் குத்தலும் இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால்தான் எனக்கு ஆத்திரம் வந்திருக்கும்.

"இலையில உங்களோடது இருக்கிறதுதான் அண்ணி அழகு. உங்களோடத மட்டும் கை கழுவிட்டு வந்து உக்காந்து சாப்பிடணும்னு எங்கிட்டயே சொல்லியிருக்காரு."

அது பாராட்டா, புகாரா என்று கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் சொல்லியிருப்பாள். அதனால் கேட்கவில்லை.

மகன் வந்து கதவைத் திறந்தான். உள்ளே போய் முதலில் இலையைத்தான் பார்த்தேன். படையலில் எதுவும் குறையாது என்று தெரியாதவள் அல்ல நான். ஆனாலும் பார்த்தேன். அச்சு முறுக்கு அடுக்கியது அடுக்கியபடி, அடியில் ஒரு கறைகூட இல்லாமல் இருந்தது. இலை முழுக்க என்னுடையது. அவர் எங்கோ கொல்லைச் சுவரில் முன்பே சாப்பிட்டுவிட்டு, வயிறு ஃபுல்லா இருக்கு என்று சொல்கிறவர் மாதிரி படத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றவர்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மேசைக்கு அடியிலிருந்த போத்தலை மகன் எடுத்துத் திறந்தான். நானும் ஒன்று எடுத்தேன். ஓமம் அதிகம். ஓரம் கசந்தது. இதை நின்றுகொண்டே தின்பதற்கு என்ன இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்துப் பார்த்தேன்.

மறுநாள் தீபாவளி. எண்ணெய்க் குளியல் முடிந்து, புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, விருந்தினர் வருவதற்கு முன் குளிர்பெட்டியில் மிச்சமிருந்த மாவை எடுத்தேன். தட்டுக்குப் போதாது என்று மகனிடம் சொன்னேன். தட்டுகள் நிறைந்துதான் இருந்தன. பின்கட்டில் சட்டியை வைத்து, அச்சைக் காய வைத்து, முக்கால் பங்கு நனைத்து, முதல் பூவை எண்ணெயில் உதறினேன். எடுத்து ஆற வைத்தேன். அச்சு முறுக்கு முறுக்கு மாதிரி உடையாது. மெல்லியது, நடுவில் பிடித்து அழுத்தினால் ஒரு பக்கம் பெரிதாகவும் ஒரு பக்கம் சிறிதாகவும் போகும், இதழ் இரண்டு மூன்று சிதறும். இதற்கு நான் எழுதி வைத்த செயல்முறை எதுவும் இல்லை. எந்தப் பாதி அவருக்கு என்று அவளிடம் கேட்டிருக்கலாம். தொலைபேசி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கேட்கவில்லை. சிறியதை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டேன். சீனி சரியாகத்தான் இருந்தது. பெரியதைக் கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரின் மேல் வைத்தேன். அவள் நிச்சயம் சின்னப் பாதியைத்தான் வைத்திருப்பாள்.